சுழியம், ஏழு, ஏழு

பழையபேட்டையில் புளி மண்டிக்கு மேலே
ஓர் அறை, நான்கு பெட்டிகள்.
லினக்ஸ் ஒன்று, ஃப்ரீபிஎஸ்டி ஒன்று,
மூடி விரிந்த மேக் ஒன்று,
ஓசூரில் இழுத்து மூடிய கம்பெனி ஏலத்தில்
எடைக்கு வாங்கிய சோலாரிஸ் ஒன்று.
கடைசிப் பெட்டி கண் விழிக்கப் பத்து நிமிஷம்.
அதற்குள் கீழே போய் டீ குடித்து வந்துவிடலாம்.

என் வேலை இதுதான்:
அடைவுகளை உண்டாக்குவது,
வாசலில் போய் நின்று
உள்ளே விடுகிறாயா என்று கேட்பது.
விடக் கூடாத இடத்தில் விடாவிட்டால் சந்தோஷம்.
விட்டுவிட்டால் சம்பளம்.

முதல் ராத்திரி எல்லாக் கதவும் திறந்தது.
பூட்டியதும் திறந்தது, பூட்டாததும் திறந்தது.
மறுக்க வேண்டிய ஐம்பத்தெட்டில்
ஒன்றுகூட மறுக்கவில்லை.
நான்குக்கும் ஒரே நேரத்தில் புத்தி கெட்டுவிட்டதென்று
ஃபரீதாவை ஃபோனில் எழுப்பினேன்.
"நீ யாரா உள்ள போயிருக்கே?"
தூக்கத்திலேயே கேட்டாள்.
பார்த்தேன். ரூட்.
எந்தக் கதவும் மறுக்காதவளுக்குப்
பூட்டைப் பற்றி என்ன தெரியும்.

மறுநாள் சாதாரண ஆளாக இறங்கினேன்.
படிக்க மட்டும் விட்ட அடைவில்
பெயர்கள் தெரிந்தன, பொருள் வரவில்லை,
கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று
மூட்டையின் மசியெழுத்தை வாசிப்பதுபோல்.
நுழைய மட்டும் விட்டதில் கும்மிருட்டு.
பெயர் சொன்னால் கிடைக்கும், அவ்வளவுதான்.
கீழே மாதப்பன் கரண்ட் போன நேரம்
அப்படித்தான் எடுக்கிறார்:
"அரூர் சரக்கு, மூணாவது அட்டி."
என்னென்ன இருக்கு என்று கேட்டால்
இருட்டைக் காட்டிச் சிரிப்பார்.

நாற்பத்தோராவது சோதனையில் பெட்டிகளுக்குள் சண்டை.
புதிதாய்ப் பிறக்கிற கோப்பு எந்தக் குழு?
பெற்றவளின் குழு என்றது லினக்ஸ்,
சோலாரிஸும் தலையாட்டியது.
பிறந்த இடத்தின் குழு என்றன மற்ற இரண்டும்.
வாசலில் ஓர் எழுத்தை ஒட்டினால்
லினக்ஸ் இறங்கி வரும். ஒட்டவில்லை.
இரண்டு விடையும் சரி என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

விடிவதற்கு முன் எழுதியது
பட்டியலில் இல்லாத சோதனை.
உரிமையாளருக்குச் சுழியம்,
குழுவுக்கு ஏழு, மற்றவர்க்கு ஏழு.
என் அடைவு, என் பெயர்.
போனேன். அனுமதி மறுக்கப்பட்டது.
சோதனைக்கென்று நானே படைத்த ஓர் ஆள்,
தெருவான் என்று பெயர் வைத்திருந்தேன்,
அவன் போனான்.
தன் கோப்பு ஒன்றை வைத்தான்,
என் கோப்பு ஒன்றை அழித்தான்.
அதைத் திறந்து படிக்க அவனுக்கு உரிமையில்லை,
அழிக்க வாசல் விட்டால் போதும்.
நான்கு பெட்டியும் ஒன்றுபோல். பிழையே இல்லை.
உரிமையாளரா என்றுதான் முதல் கேள்வி;
ஆமாம் என்றால் அதோடு சரி,
மற்றவர் வரிசையில்கூட என்னைச் சேர்க்காது.

காரிமங்கலத்தில் நாலரை சென்ட், அதில் ஒரு வீடு.
பட்டாவில் நாகவேணி. நான்தான்.
மச்சினன் இருக்கிறான்,
அவன் மாமனார் வீட்டார் வந்து போகிறார்கள்,
மாடியில் கிரானைட் மேஸ்திரி வாடகைக்கு.
போன ஆடியில் யாரோ
என் முருங்கையை வெட்டிவிட்டார்கள்,
போட்டோவில் பார்த்தேன்.

மணி ஐந்தரை.
சையத் பாஷா மலை விளிம்பில் வெளுப்பு,
டோல்கேட் பக்கம் லாரிகளின் முனகல்.
உள்ளே விடாத வாசலானாலும்
அதன் எண்ணை மாற்றும் அதிகாரம்
உரிமையாளரிடமே இருக்கிறது.
ஒரே ஒரு வரி அடித்தேன்.
திறந்தது.
தெருவானின் கோப்பு அங்கேயே கிடந்தது,
இருக்கட்டும் என்று விட்டேன்.

அறிக்கையில்: "நான்கிலும் ஒத்த நடத்தை."
ஃபரீதாவுக்கு:
"இன்னிக்கு லீவு.
காரிமங்கலத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"